கார்கில் சார் கொடுத்த குரல்

வங்கி மேலாளர் சேசுராஜைக் காரைக்குடியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கார்கில் சார் என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வயதில் பனிமலையில் சண்டை போட்டவர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் முடித்து, முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி மேலாளர் நாற்காலிக்கு வந்தவர். சுதந்திர தினம் வந்துவிட்டால் கொடியேற்ற அவரைக் கூப்பிடாத பள்ளிக்கூடம் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு அறைக்குள் நுழையப் பயப்படுவார் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? அவரும் சொன்னதில்லை. கட்டின பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

சண்டையின்போது குண்டு விழுந்து பதுங்குகுழி மூடிக்கொண்டது. மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில் ஒன்பது மணி நேரம் கிடந்தார். பக்கத்தில் புதைந்திருந்த பீகார்க்காரன் முதல் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் பேசவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விட்டபாடில்லை.

வங்கியின் லாக்கர் அறைக்கு ஜன்னல் கிடையாது. சாயங்காலம் பூட்டுமுன் உள்ளே போய்க் கடைசி வரிசைவரை பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. சேசுராஜ் வாசலில் நின்றபடியே "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று ஒரு குரல் கொடுப்பார். கொடுத்த கையோடு விளக்கை அணைத்து, கதவைச் சாத்தித் தன் சாவியைப் போடுவார். தலைமைக் காசாளர் ரேணுகா வந்து இன்னொரு சாவியைப் போடுவாள். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. பட்டாளத்துக்காரர் கண்ணுக்குத் தப்புமா என்ன?

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் பூட்டினார்கள். மறுநாள் இரண்டாவது சனி, அதற்கடுத்து ஞாயிறு. ரேணுகா காளையார்கோவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சேசுராஜ் எதிர்க்கடையில் பேச்சு வளர்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோக்காரன் மாயக்கண்ணன் வந்து நின்றான். பஞ்சர் ஒட்டியதில் நேரமாகிவிட்டதாம்.

"சார், மீனாளாச்சி எங்குட்டுப் போனாக? லாக்கர்ல நகை எடுக்கணும்னு நாந்தான் இறக்கிவிட்டேன்."

சேசுராஜ் டம்ளரை அப்படியே வைத்தார். ஆச்சி வந்தபோது வணக்கம் சொன்னவர் அவர்தான். போனதைப் பார்க்கவில்லை. ஓடிப்போய் வங்கியைத் திறந்து லாக்கர் பதிவேட்டைப் புரட்டினார். வந்த நேரம் எழுதியிருந்தது; போன நேரம் எழுதவேண்டிய கட்டம் காலி. ஆச்சிக்கு லாக்கரைத் திறந்துவிட்ட கிளார்க் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டான். எழுபத்தாறு வயது, சர்க்கரை வியாதி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஒண்டியாக இருக்கிறவர். ஆட்டோக்காரன் கேட்காமல் போயிருந்தால் திங்கட்கிழமைவரை தேட நாதியில்லை.

ரேணுகாவுக்கு போன் போட்டார். பஸ் கல்லலைத் தாண்டிவிட்டது. இறங்கி வண்டி பிடித்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். கதவை உடைப்பதென்றால் அதைவிட நேரமாகும்.

வெளியே இருந்த சுவிட்சைத் தட்டி உள்ளே விளக்கைப் போட்டார். கதவை இரண்டு கையாலும் குத்தினார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. உள்ளே காற்று வர ஒரு துவாரம் உண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று எந்த நாளில் போய்ப் பார்த்தார், இன்றைக்குத் தெரிவதற்கு? மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. ஆச்சி செத்துப்போயிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் கூடவே வேலை போய்விடுமே என்ற நினைப்பும் வந்தது. தன்னைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவருக்கு.

ரேணுகா வந்து சேர்ந்தாள். இருவரும் இரண்டு சாவியையும் திருப்பினார்கள். அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். சேசுராஜ் தடுத்தார். நான்தான் போகவேண்டும் என்றார்.

போனார். முதல் வரிசையிலேயே மூச்சு முட்டியது. கூரை இறங்கி வருவதுபோல இருந்தது. திரும்பி ஓடிவிடத்தான் கால் துடித்தது. அலமாரியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். "ஆச்சி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பீகார்க்காரனும் இப்படித்தான் பதில் சொல்லாமல் போனான்.

கடைசி வரிசையில், நகைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆச்சி தரையில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டைத் தொட்டார். சூடு இருந்தது. ஆச்சி மெல்லக் கண்ணைத் திறந்து, நீங்களும் வந்துட்டீகளா தம்பி என்றார். சேசுராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

டாக்டருக்குச் சொல்லிவிட்டு, ஆச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று மாயக்கண்ணன் சீனி தூக்கலாகப் போட்டு டீ வாங்கி வந்தான். நாலு மிடறு போனதும் ஆச்சி முகத்தில் தெளிவு வந்தது. ரேணுகா முந்திக்கொண்டாள். சார் உள்ளே வந்து பார்த்தார், ஆச்சி கீழே உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை என்றாள். அவள் வேலையும் போய்விடுமே.

ஆச்சி தலையாட்டி மறுத்தார். "வாசல்ல நின்டு கூப்பிட்டாக. இந்தா வாரேன்னு நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெளக்கு அணைஞ்சு கதவு சாத்திருச்சு. பட்டாளத்து மேனேஜரு பாக்காமப் பூட்டுவாகளா? நாந்தான் செத்துப்போயிட்டேன் போல, அதான் யாரு காதுலயும் நம்ம பேச்சு விழுகலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

சேசுராஜ் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உள்ள வரலை ஆச்சி. ஒரு நாளும் வந்ததில்ல. பயம்."

மாயக்கண்ணன் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் போனான். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பயப்படுறது தப்பில்ல தம்பி. சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்துருங்க."

சேசுராஜ் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, நடந்ததை நடந்தபடி மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தார்.