வடிகாலில் ஓடிய ஆட்டுக்கறி

சிங்கப்பூரின் வடக்கே, ஒரு ராணுவ எரிபொருள் கிடங்கில் எண்ணெய் சொட்டுகூடச் சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஹலீமாவின் வேலை. ஒவ்வொரு தொட்டியையும் சுற்றி இடுப்பளவு தடுப்புச் சுவர். சுவருக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்ற ஒரு வால்வு. தண்ணீர் வடிந்ததும் அதை மூடிவிட வேண்டும்; இல்லையென்றால் சிந்தும் எண்ணெயும் அதன் வழியே போய்விடும். படைவீரர்கள் மறந்துவிடுவார்கள்.

"வால்வ மூடியே வைக்க ஒரு பூட்டு வேணும் சார்" என்று கர்னல் துரைசாமியிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"பார்க்கலாம் லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் இழுப்பார் அவர்.

மேலிடத்துப் பார்வையாளர்கள் வந்த அன்று, எண்ணெய் சிந்தினால் என்ன செய்வது என்று ஒரு ஒத்திகை. எண்ணெய்க்குப் பதில், சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைத் தொட்டியடியில் திறந்துவிட்டார்கள். வீரர்கள் விசிலுக்காக வரிசையில் நின்றார்கள். வரவேற்புரை நீண்டது. காலையில் மழைநீரை வடித்த படைவீரன் அர்ஜுன் வால்வை மூட மறந்திருந்தான். விசில் ஊதியபோது சுவருக்குள் துடைக்க எதுவுமில்லை. அத்தனையும் வடிகால் வழியே போய்விட்டிருந்தது.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார் பார்வையாளர்களின் தலைவர்.

ஹலீமாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே போய் வால்வை மூடிவிட்டு வந்தாள்.

மதியச் சாப்பாடு லிட்டில் இந்தியாவிலிருந்து வந்தது. கடைக்காரர் இப்ராஹீம் சமையற்கூடத்தின் பின்னால் வேனை நிறுத்தி, ஆட்டுக்கறிக் குழம்புப் பானையை இறக்கினார். கை வழுக்கியது. பானை கவிழ்ந்தது. எண்ணெய் மினுங்கக் குழம்பு வடிகாலை நோக்கி ஓடியது.

"ஸ்பில்! கொட்டிடுச்சு!" என்று அலறினான் அர்ஜுன்.

யாரும் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் மணல்மூட்டையால் வடிகாலை அடைத்தார்கள். மற்றவர்கள் எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளை அள்ளிவந்து போட்டார்கள். குழம்பு நடுவழியில் நின்றுபோனது. தட்டும் கையுமாக நின்ற பார்வையாளர்கள் வாய்பிளந்தார்கள்.

"சொல்லாம கொள்ளாம இன்னொரு ஒத்திகையா? பிரமாதம்!" என்றார் தலைவர்.

"இல்லைங்க சார், அது நிஜமாவே கொட்டிடுச்சு" என்றாள் ஹலீமா.

"எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் கர்னல்.

"இவங்களுக்கு ஏதாவது செய்யணுமே. என்ன வேணும்மா?" என்று ஹலீமாவிடம் கேட்டார் தலைவர்.

"வால்வுக்குப் பூட்டு, சார்."

"அவ்வளவுதானா?" தலைவர் கர்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கே போட்டுடலாம் சார். நானும் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் கர்னல்.

சாப்பாட்டில் ஆட்டுக்கறி இல்லை. பருப்பும் கோழிப் பொரியலும்தான். ஆனாலும் எல்லோரும் உற்சாகமாகச் சாப்பிட்டார்கள். இப்ராஹீம் மட்டும் சமையற்கூட வாசலிலேயே நின்றார். வீரர்கள் குழம்பில் ஊறிய விரிப்புகளை மஞ்சள் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் 'நச்சுக் கழிவு' என்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, அது கறிம்மா! காலையில நானே ருசி பார்த்த கறி!" என்றார் ஹலீமாவிடம்.

"அந்த விரிப்புல பட்டது எதுவா இருந்தாலும் இந்தப் பையிலதான் போகணும், இப்ராஹீம் நானா. விதிமுறை."

அவர் ஒரு பையின் மேலிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தார்.

"சரி, உங்க விதி. இந்தப் பையை ஏத்திப்போற வண்டி, லிட்டில் இந்தியாவுல என் கடைப் பக்கமா மட்டும் போக வேணாம்னு சொல்லிடும்மா."