பதில் சொல்லாத ஸலாம்

வலது கை மரத்துப்போய்ப் பேச்சும் குழறிய அன்று வீட்டில் நான் மட்டும்தான். மனைவி றுக்ஸானா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருசம். மகள் றிப்னா கத்தாரில்.

கையும் பேச்சும் கொஞ்சத்தில் தெளிந்துவிட்டாலும், கழுத்தில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்றார் கல்முனை ஆஸ்பத்திரி டொக்டர். ஒபரேஷனா, குளிசை விழுங்கிச் சமாளிப்பதா என்று முடிவெடுக்க, மூளைக்குள் இரத்தம் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டுமாம். எனக்குச் சிறுநீரகமும் பழுது. மருந்து ஏற்றிப் படம் எடுக்க முடியாது. மருந்தில்லாமல் பழைய மிஷினில் எடுத்த படம் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. காந்தம் இரண்டு மடங்கு பலமான எம்.ஆர்.ஐ. மிஷின் கொழும்பில் இருக்கிறது, அதில் தெளிவாகத் தெரியும் என்று அனுப்பினார். கல்முனையில் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

படம் எடுப்பவர் பாயிஸ், எங்கள் பக்கத்து நிந்தவூர்ப் பொடியன். என் ஊரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, அண்ணன் முறைக்குக் காக்கா என்றே கூப்பிட்டார்.

"ஹமீட் காக்கா, இந்த மிஷின் கழுத்துல ஓடுற இரத்தத்துக்கே காந்தத்தால அடையாளம் வெச்சி, அது மூளைக்குள்ள எங்க போகுதெண்டு பாக்கும். ஆனா தலை கொஞ்சம் அசைஞ்சாலும் போச்சி."

"நான் என்ன கட்டிப் போட்ட மாடா மனே? கிடப்பன்."

காதில் ஹெட்போனோடு மிஷினுக்குள் போனேன். காதுக்குள் அவர் குரல் கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா, தொடங்கிறன்."

மிஷின் தட்டத் தொடங்கியது. நான் தலையை ஆட்டி முழுசாகப் பதில் சொன்னேன். இரண்டாம் தரமும் அவர் ஸலாம் சொன்னார், நானும் சொன்னேன். பிறகு அவரே உள்ளே வந்தார்.

"எடுக்கக்குள்ள என்ன காக்கா கதைக்கிறீங்க? ரெண்டு படமும் கலங்கிப் போச்சி."

"ஸலாம் சென்னா பதில் செல்லாம கிடக்கிறதா?"

சிரித்துவிட்டார். "அப்ப என்ட வாயாலதான் கெட்டிரிக்கி. மனசுக்குள்ள செல்லுங்களன்."

"ஒரு வருசமா வெறும் வீட்டுக்குள்ள ஸலாம் செல்லித்தான் போறன் மனே. பதில் செல்ல ஆளில்ல. நீங்க செல்லக்குள்ள வாய் சும்மா கிடக்குதில்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "சரி காக்கா, இனி முடிஞ்ச பொறகு செல்லுறன். அப்ப சத்தமாச் செல்லுங்க."

இந்த முறை காதுக்குள் யாரும் பேசவில்லை. மிஷின் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கிடப்பதுபோலவே கிடந்தேன். அது எனக்குப் பழக்கம்தானே.

படம் தெளிவாக வந்தது. அங்கிருந்த டொக்டர் திரையில் காட்டினார். இடப்பக்கம் மங்கிக் கிடந்தது. இரத்தம் போதாது, ஒபரேஷன் செய்யத்தான் வேண்டும் என்றார்.

"உங்களோட ஆர் நிப்பாங்க?"

"மகள் வருவா," என்றேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது பாயிஸ் அடுத்த ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். முடிந்த பிறகு சொல்வதாகச் சொன்ன ஸலாம் இன்னும் வரவில்லை. கதவுக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். பஸ் போனால் போகட்டும்.

கதவு திறந்தது. "என்ன காக்கா, இன்னும் போகல்லயா?"

காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு ஞாபகம் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா."

அங்கிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, தலையை நன்றாக ஆட்டிப் பதில் சொன்னேன்.