இருபது ஒரிஜினல் கம்பிகள்

சனிக்கிழமை காலை, மாட்டுங்கா பழைய இசைக்கருவிக் காப்புச் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர் நயினார், அவருக்கு எதிரே துணைத்தலைவர் விஜயராணி, ஸ்டூலில் சங்கத்தின் பாஸ் கிட்டாரைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாசித்துவரும் செம்பூர் ஹரி, வாசலோரம் அதைப் பழுதுபார்க்கும் தாராவி ஷாகுல் ஹமீது, மேசையருகே செயலாளராகிய நான். சோபா முழுவதையும் கிட்டாருக்கு விட்டிருந்தோம்.

அது 1974-இல் ஜப்பானில் செய்தது. அதன் கழுத்தில் ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகள் கிடையாது. அதனால்தான் ஹரியின் விரல் வழுக்கும்போது சுரம் இழைகிறது. கம்பி பதித்தால் அந்தக் குழைவு போய்விடும். ஆனால் சங்க விதி ஏழின்படி, பிறகு மாற்றிய எதையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். கம்பெனியிலிருந்தே கம்பியில்லாமல் வந்ததா என்பதுதான் அன்றைய கேள்வி.

உள்ளே வருமுன், மாடிப்படியிலேயே ஹரி ஷாகுலைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், வந்ததே இப்படித்தான்னு சொல்லிருங்க. ப்ளீஸ்.”

“என் கையால செஞ்ச வேலையில ஒண்ணாம் நம்பர் இதுதாம்டே. அதச் செய்யலன்னு சொல்லச் சொல்லுதியா?”

கூட்டம் தொடங்கியதும் நயினார் கிட்டாரின் குமிழ் ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்தார். “பாத்தீங்களா? அம்பது வருசத்து ஒரிஜினல். இப்ப எவன் இப்படிச் செய்யுதான்?”

“அது மிக்ஸிக் குமிழுண்ணே,” என்றார் ஷாகுல். “போன ரம்ஜானுக்கு நாந்தான் மாட்டுனேன். வீட்ல இன்னும் ஏசுதா.”

விஜயராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஃப்ரெட்டையும் நீங்கதான் எடுத்தீங்களா?”

ஹரி கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆமா மேடம், தொண்ணூத்தி ஒண்ணுல. சூடு காட்டி, ஒவ்வொண்ணா, ஒரு சிலும்பு எழும்பாம இருவது கம்பி. பள்ளத்துல மரச்சீவல் வச்சு அடைச்சேன். தடவிப் பாருங்க, தட்டுப்படுதான்னு.”

எல்லோரும் தடவினோம். தட்டுப்படவில்லை.

“பிரமாதம்,” என்றார் நயினார். “அப்ப திரும்பப் பதிச்சிருங்க.”

“சார், பதிச்சா இது செத்துரும்,” என்றார் ஹரி.

“விதி, தம்பி.”

“பதிக்கேன், கம்பியக் குடுங்க,” என்றார் ஷாகுல். “புதுசு போடலாமா?”

விஜயராணி விதி எட்டை வாசித்தார். மாட்டும் எந்தப் பாகமும் அதே ஆண்டின், அதே கம்பெனியின் பாகமாகவே இருக்க வேண்டும்.

“புடுங்கினது எங்க?” என்றார் நயினார்.

“அன்னைக்கே பழைய சாமான் வாங்குத பங்கார்க்காரன்ட்ட எடைக்குப் போட்டாச்சு. இப்ப எந்த வீட்ல குழாயா இருக்கோ!”

நயினார் தீர்ப்பளித்தார்: கம்பெனிக்கு எழுதி 1974-ஆம் ஆண்டுக் கம்பிகள் இருபது கேட்க வேண்டும், வந்து சேரும்வரை கிட்டார் இப்படியே இருக்கட்டும்.

“அந்தக் கம்பெனி மூடி இருபது வருஷம்…” என்று விஜயராணி தொடங்கினார்.

“மூடினா என்ன? லெட்டருக்குப் பதில் போட ஒருத்தன் இருப்பான். ஜப்பான்காரன் ஒழுங்கே தனி.”

ஹரி உடனே ஆமோதித்தார். பழைய விலைப்பட்டியலிலிருந்து முகவரியையும் அவரே பார்த்துச் சொன்னார். நான் கடிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டினேன். பதிவுத் தபாலா, விரைவுத் தபாலா என்று கேட்டேன்.

“சாதாத் தபாலே போதும் சார். அவசரமே இல்ல,” என்று ஹரி உறையை வாங்கிக்கொண்டு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டார்.