கப்பல் ஆபீஸ் படிக்கட்டு

தேவம்மா கப்பல் ஆபீஸ் பசவராஜுக்குத் தரவேண்டிய பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். மகன் கவின்ராஜுக்குக் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்த வகையில் நின்ற மிச்சம் அது. அவன் ஏறிப்போன சரக்குக் கப்பல் செங்கடலில் சண்டைக்கு நடுவே மாட்டி, என்ஜின் அறையில் குண்டு விழுந்து, அவனோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. பாக்கி மட்டும் பசவராஜின் ஆபீஸ் இருந்த மண்டி மொஹல்லாச் சந்தில் அப்படியே நின்றது.

காலையில் அவள் பூண்டுச் சாக்கைத் தலையில் சுமந்து வந்து, பசவராஜின் ஆபீஸுக்கு ஏறும் மாடிப்படியின் ஓரத்தில் இறக்கினாள். ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கிலோ கணக்கில் கூலி. எங்கே உட்கார்ந்து உரித்தாலும் கூலி ஒன்றுதான். நகக்கண் எரியாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு முறத்தை மடியில் சாய்த்தாள். உரித்த தோல் காற்றில் பறந்து, சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டுகளில் போய் ஒட்டியது.

படிக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் கவின்ராஜின் முகம். கழுத்துக்குக் கீழே வெள்ளை யூனிஃபார்ம், தோளில் தங்கப் பட்டை. அப்படி ஒரு சட்டையை அவன் போட்டதே இல்லை. என்ஜின் அறையில் சிந்துகிற எண்ணெயைத் துடைக்கிற வேலைதான் அவனுக்கு. போனில் முகம் காட்டும்போதெல்லாம் காது மடல் வரை கரி அப்பியிருக்கும். "கப்பல் கக்கூஸே நம்ம வீட்டவிடப் பெருசும்மா" என்று சிரிப்பான்.

ஃப்ளெக்ஸ் கட்டிய அன்றைக்கு அவள் பக்கத்துக் கோணிக் கடை கரியப்பனிடம் போய், கன்னடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள்.

"கடல்ல உசிர விட்ட எங்க வீரனுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கு அம்மணி."

"அதுக்குக் கீழ பெருசா இருக்குதுங்களே, அது?"

கரியப்பன் கழுத்தைச் சொறிந்தான். "ஆபீஸு போன் நம்பரு."

மறுநாள் முதல் அவள் சாக்கு இங்கே வந்துவிட்டது.

கவின்ராஜ் ஹனூரில் ஐ.டி.ஐ. முடித்து, இதே மொஹல்லாவில் பைக் பழுதுபார்த்தவன். பசவராஜ் கேட்ட தொகையில் பாதிக்கு மேல், இருந்த மானாவாரி நிலத்தை விற்றுக் கட்டினார்கள். மிச்சத்துக்குப் பத்திரம் எழுதி, தேவம்மாவின் கையெழுத்தோடு வெற்றுச் செக் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டான் பசவராஜ். ஆனால் கப்பலில் பாதி மாதங்களுக்குச் சம்பளமே வரவில்லை.

கவின்ராஜ் கடைசியாக அவளிடம் பேசியது ஒரு துறைமுகத்திலிருந்து. கப்பல் சண்டை நடக்கிற வழியாகத்தான் போகும், பயப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், டிக்கெட் அவரவர் செலவு என்று கேப்டன் சொல்லிவிட்டாராம். கூட இருந்த இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். கவின்ராஜ் பசவராஜுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான். இறங்கு, ஆனால் இறங்குகிற அன்றைக்கே பாக்கி முழுவதும் வரவேண்டும், இல்லாவிட்டால் உன் அம்மாவின் செக் கோர்ட்டுக்குப் போகும் என்று பதில் வந்திருக்கிறது. தேவம்மா இறங்கச் சொல்லித்தான் கெஞ்சினாள். "கொஞ்ச நாளு கண்ண மூடிக்கிட்டா தாண்டிரும்மா" என்று போனை வைத்துவிட்டான்.

இதைத்தான் அவள் படியேற வருகிறவர்களிடம் சொன்னாள். அழவில்லை. வேலையை நிறுத்தவுமில்லை. கொள்ளேகாலத்திலிருந்து ரத்தினவேல் என்பவர், நிலப் பத்திரம் இருந்த மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மகனோடு வந்தார். "ஏறுறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போங்" என்றாள். நின்று கேட்டார். பிறகு ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் தம்பி உங்களுக்கு என்ன ஆகோணும்?"

"எம் பையனுங்."

அவர் பையை அடுத்த அக்குளுக்கு மாற்றினார். மகனை அழைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. எல்லோரும் அப்படியில்லை. எங்களுக்கு வேறு வழியில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு ஏறினவர்களும் உண்டு.

பசவராஜ் முதலில் காபி அனுப்பினான். கப்பல் கம்பெனி நஷ்டஈடு தரும், அதில் பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னான். கம்பெனிக்காரர்களோ அவள் போனை எடுப்பதே இல்லை. பிறகு போலீசைக் கூப்பிட்டான். வந்த கான்ஸ்டபிள் படியையும் பார்த்தார், சாக்கையும் பார்த்தார். படி மறையவில்லையே என்று சொல்லிவிட்டு, உரித்த பூண்டு கிலோ என்ன விலை என்று கேட்டுக் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். சந்து முழுக்கச் சிரித்தது.

அன்று மத்தியானம் பசவராஜே இறங்கி வந்தான். கையில் கடன் பத்திரமும் அந்தச் செக்கும் இருந்தன.

"நோடம்மா, எனக்கு ஒரு ரூபா வேண்டா. உன் கடன் ஆய்த்து, முடிஞ்சுது. சாக்கைத் தூக்கு."

தேவம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கினாள். செக்கைக் கிழித்துப் பூண்டுத் தோலோடு போட்டாள். பத்திரத்தைக் கரியப்பனிடம் நீட்டினாள்.

"முழுப் பணமும் கைக்கு வந்து சேந்துருச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றான் கரியப்பன்.

"நான் குடுக்கலீங்களே."

கணக்குக்கு அப்படித்தான் எழுதவேண்டும், தள்ளுபடி என்று எழுதினால் கூட்டாளி கேள்வி கேட்பார் என்றான் பசவராஜ்.

"அப்பச் சரிங். யாரு குடுத்தாங்கன்னும் எழுதிருங்." அவன் விழித்தான். "கவின்ராஜ் குடுத்தான்னு எழுதுங் சார். அவந்தானுங் குடுத்தான்."

சந்து முனையில் ஓர் ஆட்டோ நின்றது. ஒரு பெரியவரும் இளைஞனும் இறங்கி, ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பசவராஜ் அவசரமாகப் பத்திரத்தை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதினான். அவள் அதை வாங்கி, மை காயும்வரை விரித்துப் பிடித்தாள். பிறகு உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாம் தீந்துபோச்சல்ல, எழுந்திரு."

"பாக்கி இருந்த வரைக்கும் பயந்துக்கிட்டு மெல்லத்தானுங் பேசுனேன்" என்றாள் தேவம்மா.

அவன் விறுவிறுவென்று மாடியேறினான். கரியப்பன் கோணிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, வருகிறவர்கள் உட்கார அவளுக்கு எதிரே போட்டான். பெரியவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். இளைஞன் நின்றுகொண்டான். தேவம்மா பத்திரத்தை முறத்துப் பூண்டின் மேல் விரித்து, கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். அவள் விரல் எண்ணெய் பட்டு எழுத்து லேசாகக் கலங்கியிருந்தது. கரியப்பன் மாடிக்கும் கேட்கிற மாதிரி படித்துச் சொன்னான்.

"கவின்ராஜ் மூலமா ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வரவு. பாக்கி இல்ல."