உரித்த கம்பி

பாஸ்கலுக்கு அன்று மாலைக்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். ராயபுரத்து வீட்டில் மனைவி ஹில்டாவுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. திருவொற்றியூர்ப் பட்டறையில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு இடம். அதற்கு நின்றவர்கள் அவனும் நாசரேத்துக்காரர் வெள்ளத்துரையும்.

புதிதாக வந்திருந்த ஆர்கான் வெல்டிங் மெஷினில் இரண்டு இரும்புக் குழாய்களைப் பற்றவைக்க வேண்டும். அதுதான் சோதனை. இணைப்பில் உருக்கி நிரப்பும் கம்பியை அவரவரே ஸ்டோரில் பார்த்து எடுக்கலாம், எடுத்தபின் மாற்ற முடியாது என்று ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளத்துரை ஆர்கானுக்கென்றே அளந்து கொடுத்த கம்பியை வாங்கிக்கொண்டார். நம்ம ஆள் எடுத்ததோ சாதாரண வெல்டிங் ராடு. மேல்பூச்சைச் சுத்தியலால் தட்டி உரித்து, உள்கம்பியைப் பளபளவென்று தேய்த்து வைத்தான். அவன் பழகிய பட்டறைகளில் அவசரத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். குழாயும் இரும்பு, கம்பியும் இரும்பு, இனம் இனத்தோடு சேரும் என்பது அவன் கணக்கு.

சேர்ந்தால்தானே! பழகிப் பார்த்த துண்டில் உருகிய இரும்பு குமிழிவிட்டுக் கொதித்தது. ஆறியதும் பார்த்தால் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கடல்காற்றைத் திட்டினான். தகரம் வைத்து மறைத்தான். ஆர்கான் கேஸைக் கூட்டினான், குறைத்தான். ஆடமாட்டாதவள்தான் கூடம் கோணல் என்பாளாம், நன்றாக ஆடத் தெரிந்த இவனும் அன்று கூடத்தையே பழித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, மெஷினே பேஜாரா கீது?"

பக்கத்தில் இருந்த வெள்ளத்துரை எழுந்து வந்து கம்பியைத் திருப்பிப் பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல வே. கொதிப்ப அடக்குத மருந்து பூச்சுலதான் இருக்கு. அதத் தட்டி எறிஞ்சிட்டு வெறுங்கம்பிய உருக்குனா கொதிக்காம என்ன செய்யும்? ஆர்கான் கம்பியில அந்த மருந்து இரும்போடயே கலந்திருக்கு."

பாஸ்கல் உரித்த கம்பியைக் கீழே போட்டான். "இப்ப இன்னாண்ணே பண்றது?"

வெள்ளத்துரை தம் கம்பிகளில் சரிபாதியை நீட்டினார். "போட்டின்னா ஒரே கம்பியில பாப்போம்."

"உனக்குப் பத்துமாண்ணே?"

"பத்தும், பத்தும். வேலையப் பாரும்."

பத்தவில்லை. மாலையில் ஃபோர்மேன் குழாய்களில் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். பாஸ்கல் பற்றவைத்த இடத்தில் கசிவே இல்லை. வெள்ளத்துரையின் குழாயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. கம்பி தீர்ந்துபோய், மிச்சமிருந்த துண்டுகளைச் சேர்த்து அவர் முடித்த இடம் அது. பாஸ்கலுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வேலை உனக்குத்தான் என்று ஃபோர்மேன் அவனிடம் சொன்னார்.

கிளம்பிவிட்ட வெள்ளத்துரையின் பின்னால் வாசலுக்கு ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் போய் ஃபோர்மேனாண்ட சொல்லிடறேண்ணே. கம்பி உன்னுது, வேலையும் உன்னுது."

"கம்பி தானா நடந்து போயா ஒட்டிச்சு? பத்தவச்சது உம்ம கைதான? நான் மீஞ்சூர்ப் பக்கம் வேற எடம் பாத்துக்கிடுதேன். இனிமே ராட உரிக்காம இரும், அது போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பாஸ்கலுக்கு அழுகை வந்துவிட்டது. "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டாண்ணே. நீ நல்லா இருக்கணும்," என்று கும்பிட்டான்.

வீட்டில் ஹில்டா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "இன்னாச்சு? கெடச்சுதா?"

"வெள்ளத்துரைன்னு ஒரு அண்ணன் கீறாரு," என்று ஆரம்பித்தான் பாஸ்கல். வேலை கிடைத்த சேதியை அவள் இன்னொரு முறை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.