குட்டி மாற்றுகிறவள்

பன்றிக் கொட்டிலில் குட்டி மாற்றுவது இரண்டாம் நாள் காலை வேலை. முதல் நாளே மாற்றக் கூடாது. பெற்றவளின் சீம்பால் கொஞ்சமாவது குட்டியின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். மூன்றாம் நாளுக்குத் தள்ளவும் கூடாது; அதற்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டுவிடும், புதிதாக வருகிறவனைக் கடித்தே விரட்டும். நடுவில் இருக்கும் அந்த ஒரு காலைப் பொழுதில், யார் யாரிடம் குடிக்க வேண்டும் என்பதை அந்த வீட்டின் மூத்த மருமகள் முடிவு செய்தாள்.

பிரம்புக் கூடையை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு பன்னிரண்டு அடைப்புகளிலும் இறங்கி ஏறுவாள். நோஞ்சான்களைத் தூக்கிக் கூடையில் போடுவாள். அவற்றுக்குக் குளிர் தாங்காது, காதுகள் ஈரத்தாளைப் போல ஒட்டிக் கிடக்கும். எந்தத் தாய்க்குக் காம்பு மீதி இருக்கிறதோ அவளுடைய அடைப்பில் கிடக்கும் ஈர வைக்கோலைக் கொத்தாக எடுத்து, நோஞ்சானின் உடம்பு முழுக்கத் தேய்த்து, அவளுடைய குட்டிகளுக்கு நடுவே செருகுவாள். மோந்து பார்க்கிற தாய்க்குத் தன் வாடைதான் வரும்.

நோஞ்சான்களில் பாதிக்கு மேல் ஏழாம் அடைப்புக்குத்தான் போகும். அங்கே இருந்தவளுக்கு மூத்த மருமகள் பெரியம்மா என்று பேர் வைத்திருந்தாள். பெரியம்மா எட்டோ ஒன்பதோ குட்டிதான் போடுவாள், காம்பு பதினாலு. படுக்கும்போது முதலில் முன்னங்காலை மடிப்பாள், ஒரு மூச்சு நிற்பாள், கீழே யாரும் கத்தவில்லை என்று தெரிந்த பிறகே பின்பக்கத்தைச் சாய்ப்பாள். மற்றவர்கள் மூட்டை விழுவது போல விழுவார்கள். பெரியம்மாவின் அடியில் நசுங்கிச் செத்த குட்டி என்று ஒன்றுகூட இல்லை.

இந்த மாற்றலால்தான் தாய்க்குப் பத்தரை, பதினொன்று என்று குட்டிகள் பால் மறக்கும் வயதுவரை தேறின. சுற்று வட்டாரத்தில் எட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம். கொட்டிலை நடத்தியவன் அவளுடைய கொழுந்தன், வீட்டின் இளைய மகன். ஆட்கள் வந்து பார்த்துவிட்டு அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அவனும் "எல்லாம் அண்ணியோட கைதான்" என்பான், அவர்கள் போன பிறகு.

மூத்தவன், அவளுடைய கணவன், மேலே கல்மேட்டில் அறுபது செம்மறிப் பெட்டைகளை வைத்திருந்தான். கீழே வாய்க்கால், சேறு, ஈரம். மேலே வெயில், கல், கல்லிடுக்கில் புல். ஒரே குடும்பத்தின் நிலம்தான், நடந்தால் முக்கால் மணி நேரம்.

அந்த வருடம் இளையவன் இரண்டாவது கொட்டில் கட்ட வேண்டும் என்றான். ஆட்டை விற்றால் கட்டலாம் என்றும் சொன்னான். முடிவு மாமனார் கையில் இருந்தது. கால்நடைச் சந்தையில் முப்பது வருடம் எடைமேடை பார்த்தவர் அவர். சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'மேலே' என்றும் மறுபக்கம் 'கீழே' என்றும் எழுதினார்.

"கொட்டில்ல இந்த ஈத்துக் குட்டிங்க பால் மறக்கிற அன்னைக்கு ரெண்டு பக்கமும் பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட வந்து பேச வேண்டாம்."

மேலே ஏற்கெனவே கணக்கு முடிந்திருந்தது. இளையவன் தட்டில் கை வைத்தபடியே பலகையைப் படித்தான்.

"அறுபது தாய்க்கு அம்பத்திரண்டு குட்டி. தலைக்கு ஒண்ணுகூட இல்லையே அண்ணே. ஆடுங்க மேல போய் காத்து வாங்குதா?"

"உன் பன்னி மாதிரி மூட்டை மூட்டையா தின்னுட்டுப் படுத்துக் கிடந்தா அதுவும் ரெண்டு மூணு போடும்."

"அப்ப தீனி வை."

"தீனி வெச்சு அங்க ஆடு வளர்க்கிறதுக்கு நான் சும்மா இருக்கலாம். கல்லுக்கு நடுவுல இருக்கிற புல்லுக்கு ஒரு குட்டிக்குத்தான்டா பால் ஊறும். ரெண்டு போட்டா ரெண்டும் போயிடும், தாயும் போயிடும். அதனாலதான் மழை விட்டதும் பொறக்கிற மாதிரி நாள் பார்த்துக் கிடா விடுறேன். உன் பன்னியை அங்க ஒரு வாரம் கட்டிப் பாரு, தோல் வெந்துடும். என் ஆட்டை இந்தச் சேத்துல விட்டா குளம்பு அழுகிடும். ரெண்டையும் எப்படி ஒரே பலகையில எழுதுவ?"

"அப்பா, கதை கேட்டீங்களா?"

மாமனார் தண்ணீர் குடித்து முடித்தார். "கதையை எடை போட முடியாதுடா. நம்பரைச் சொல்லுங்க."

மறுநாள் மதியம் சோறு எடுத்துக்கொண்டு அவள் மேலே ஏறினாள். கணவன் ஒரு கிழட்டுப் பெட்டையைத் தொடைகளுக்கு இடையே இடுக்கி, உதட்டைப் பிதுக்கிப் பல் பார்த்துக்கொண்டிருந்தான். பல் தேய்ந்த ஆட்டால் கல்லிடுக்குப் புல்லைக் கடிக்க முடியாது. அதை முன்கூட்டியே கழித்துவிட வேண்டும். அவளுக்கு இதெல்லாம் தெரியும். கல்யாணமான முதல் இரண்டு வருடம் இங்கேதான் தகரக் கூரைக்குக் கீழே குடியிருந்தார்கள். பிறகு கீழே ஆள் வேண்டும் என்று அவளை மட்டும் இறக்கிவிட்டார்கள்.

"இந்தத் தடவை கீழ எவ்வளவு வரும்?" என்று கேட்டான்.

"வழக்கம் போலத்தான். பத்தரைக்குக் குறையாது."

அவன் ஆட்டை விட்டான். அது உடம்பை உதறிக்கொண்டு போயிற்று.

"என் பொண்டாட்டி கைராசி எனக்கே கொள்ளி வைக்குது பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உடனே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, "உப்பு போட்டியா, இல்ல அதையும் கீழயே வெச்சுட்டியா?" என்றான். அவளும் சிரித்தாள். இறங்கி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள். கீழே கொட்டிலின் நீளமான கூரை தெரிந்தது. அந்தக் கூரைக்குக் கீழே அவள் காப்பாற்றுகிற ஒவ்வொரு குட்டியும் மேலே ஒரு ஆட்டின் மேல் ஏறி நிற்கிறது என்பதை அவள் அதற்கு முன்னால் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

நாலு நாளைக்குள் பன்னிரண்டு தாய்களும் ஈன்றன. மொத்தம் நூற்று நாற்பத்து நாலு குட்டிகள். அவளுக்குக் கட்டளை போட யாரும் இல்லை, எட்டிப் பார்க்கவும் யாரும் வருவதில்லை. முதல் மூன்று அடைப்புகளில் இரண்டாம் நாள் வந்த காலையில் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நோஞ்சானைத் தூக்கினாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தாள். வைத்த உடனே பெரிய குட்டிகள் அதை ஓரத்துக்குத் தள்ளின. அது தாயின் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய், காம்பே இல்லாத இடத்தில் மூக்கால் முட்டியது.

அடுத்தடுத்த காலைகளிலும் கூடை காலியாகவே அவள் கையில் தொங்கியது. யாரையும் கொல்லவில்லை, பிறந்த இடத்தில் விட்டேன், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உலகத்தில் எல்லாக் கொட்டிலிலும் அப்படித்தான் விடுகிறார்கள். அதுவும் உண்மைதான்.

மூன்றாம் நாளிலிருந்து வாளி நிறையத் தொடங்கியது. செத்த குட்டிகளை எடுத்துப் போய்ச் சுண்ணாம்புக் குழியில் போடுவதும் அவள் வேலைதான். பெரியம்மாவுக்கு அந்த முறை ஒன்பது குட்டி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் படுத்துத் தொண்டைக்குள் கூப்பிடுவாள். ஒன்பதும் ஓடிவந்து ஆளுக்கொரு காம்பைப் பிடிக்கும். மீதி ஐந்து காம்புகளிலிருந்து பால் தானாகக் கசிந்து வைக்கோலை நனைக்கும். அடுத்த அடைப்பில் ஒரு நோஞ்சான் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தடுப்புச் சுவரை முட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் முட்டவில்லை.

"என்ன அண்ணி, இந்தத் தடவை இப்படிச் சாகுது?" என்றான் இளையவன். "மாத்துனீங்கல்ல?"

"மாத்துனேன் தம்பி."

அவன் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் இல்லை. கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் ஒரு குட்டியை அறுத்து, வயிற்றைப் பிதுக்கிக் காட்டினார். ஒன்றுமே இல்லை. "நோய் இல்லை, பட்டினி. சூட்டுக்குப் போட்ட பல்பு பாதி எரியலை. இடம் நெருக்கடி. ஒத்தைப் பொம்பளை பன்னிரண்டு அடைப்பை எப்படிப் பார்க்கும்?" என்றார். அவளைப் பார்த்து, "உன்னைச் சொல்லலைம்மா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பால் மறக்கடித்த அன்று தேறிய குட்டிகள் நூற்றி ஒன்று. வழக்கமாகச் சாவது பதினைந்து; இந்த முறை நாற்பத்து மூன்று. மாமனார் பலகையில் 'கீழே' என்பதற்கு அடியில் எட்டு புள்ளி நாலு என்று எழுதிவிட்டு, சுண்ணாம்புத் தூளை வேட்டியில் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அடுப்புப் பக்கம் நின்றாள். கணவன் கதவோரம், செருப்பைக்கூடக் கழற்றாமல். அவன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் நாற்பத்து மூன்றும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"சரி," என்றார் மாமனார். "மேல ஆடு ஆள் உதவி இல்லாம, தீனி இல்லாம அறுபதுக்கு அம்பத்திரண்டு. நல்லாத்தான் இருக்கு. கீழ ஓட்டை விழுந்திருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் கணவன்.

"நான் முடிக்கலை. ஓட்டை எங்க இருக்கோ அங்கதான அடைக்கணும். டாக்டர் சொன்னாரு, இடம் பத்தலை, ஆள் பத்தலைன்னு. கல்லுல அம்பத்திரண்டைத் தேத்துன கை உன்னோட கை. அந்தக் கையை மேல வெயில்ல விட்டுட்டு, இங்க நாப்பத்து மூணைக் குழியில போட்டுக்கிட்டு இருக்கோம். ஆட்டைக் குடுத்துடு. கொட்டிலைக் கட்டு. நீ கீழ வா."

கணவன் பலகையையே பார்த்தான், அதில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவனைப் போல.

"அப்ப கீழ நல்லா வந்திருந்தா?" என்று கடைசியில் கேட்டான்.

"வந்திருந்தா யோசிச்சிருப்பேன். ஓடுற வண்டிக்கு எதுக்கு ரெண்டாவது மாடுன்னு."

அவள் அடுப்பை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "மாமா, இது என் தப்பு. கொட்டில்ல குறை ஒண்ணும் இல்லை. நான் சரியாப் பார்க்கலை."

"அண்ணி, விடுங்க," என்றான் இளையவன், நிஜமான பரிவோடு. "உங்க மேல யார் குத்தம் சொன்னா? ஒரு ஆள் எவ்வளவுதான் பார்க்கும்? அண்ணன் வந்தா உங்களுக்கும் கொஞ்சம் முதுகு நிமிரும்."

மாமனாரும் தலையாட்டினார். அவள் திரும்ப அடுப்புப் பக்கம் போனாள்.

ஆடுகள் இரண்டு லாரியில் போயின. வாங்கியவன் ஈரமான ஊர்க்காரன். குளம்பு அழுகிவிடும் என்று கணவன் அவனிடம் சொன்னான், அவன் "கறிக்குத்தானே" என்றான். தகரக் கூரையைப் பிரித்து எடுத்துவந்து புதுக் கொட்டிலின் சிமெண்டு மூட்டைகளுக்கு மேல் போட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து அடுத்த ஈற்று. இரண்டாம் நாள் காலை அவள் கூடையை எடுத்தபோது கணவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். "அண்ணனுக்கு நீங்களே கத்துக்குடுங்க அண்ணி" என்று இளையவன் சொல்லியிருந்தான்.

அவள் சொல்லிக்கொடுத்தாள். ஈர வைக்கோல், எவ்வளவு தேய்க்க வேண்டும், எந்தக் காம்பில் பால் அதிகம். அவன் கேட்டுக்கொண்டே வந்தான், மூன்றாவது அடைப்பிலேயே அவளை விட வேகமாகச் செய்தான். ஏழாம் அடைப்பில் பெரியம்மா முன்னங்காலை மடித்து, நின்று, சாய்வதைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டான்.

"அடேயப்பா. இவ மனுஷி." நோஞ்சான் ஒன்றை வைத்தான். பெரியம்மா ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்றை வைத்தான். நாலாவதை வைத்துவிட்டு, காம்புகளை விரலால் எண்ணினான். அவளுக்கு அந்த விரல் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

"போன தடவை இவளுக்கு எத்தனை?"

"ஒன்பது."

"சொந்தக் குட்டி ஒன்பது. மாத்தி விட்டது?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் விடலை."

"ஏன்?"

"யாருக்குமே மாத்தலை. மேல இருக்கிறது மேலயே இருக்கட்டும்னுதான்."

சூட்டு பல்புகள் புதிது. பன்னிரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அவன் எழுந்து நிற்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் அவள் தோளில் கை வைப்பான் என்று ஒரு மூலையில் நினைத்தாள். ஐந்து மாதமாக அந்த மூலையில்தான் அவள் தூங்கினாள்.

"வழக்கமா பதினஞ்சு சாகும். இது நாப்பத்து மூணு," என்றான். "இருபத்தெட்டு."

"ஆமா."

"அந்தக் காஞ்ச வருஷத்துல, தண்ணியே இல்லாம, மேல பத்தொன்பது குட்டிதான் செத்துச்சு. அதுக்கே நான் ரெண்டு நாள் சாப்பிடலை. நீதான் பக்கத்துல இருந்த."

"உங்களுக்காகத்தான்…"

"எனக்காகன்னு சொல்லாத."

குனிந்து அவளுடைய காலடியிலிருந்த கூடையை எடுத்தான். உள்ளே மீதி இருந்த இரண்டு நோஞ்சான்களையும் ஒரு கையால் அணைத்துக்கொண்டான், மேலே செம்மறிக் குட்டியை அணைப்பது போலவே.

"நாளையிலேருந்து குட்டி நான் மாத்துறேன். நீ தீனித் தொட்டி கழுவு."

எட்டாம் அடைப்பின் கதவைத் திறந்து உள்ளே போனவன், அவள் பின்னால் வந்துவிடாமல் அதைச் சாத்திக்கொண்டான்.