மணியில் கேட்க முடியாத கேள்வி

பதினொரு மணிக்கு ஹெஸ்டருக்குக் கல்லூரியில் நேர்முகம். அவள் வம்சத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா மிதித்ததெல்லாம் ஃபேன்ஷா பண்ணைச் சாணத்தைத்தான். ஜங்ஷனில் ஒன்பதரை வண்டியை விட்டால் எல்லாம் போச்சு.

அந்தக் கிளைப் பாதை ரயிலுக்கு ஒரே பெட்டி. பின்னாலிருந்து தள்ள ஒரு குட்டி நீராவி எஞ்சின். டிரைவர் ஹோஸ்கின்ஸ் பெட்டியின் முன்மூக்கில் உட்கார்ந்து ஓட்டுவார். கரி அள்ளும் சிரில் பின்னால் எஞ்சினில் தனியாக. நடுவில் பேச்சு மணியில்தான்: ஒரு அடி என்றால் கிளம்பு. பூசணிக்காய் வளர்ப்புப் போட்டியில் சிரில் ஜெயித்ததிலிருந்து, எதிரெதிரே நின்றாலும் இருவருக்கும் வாய்ப்பேச்சு கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தாயா என்று கேட்க மணியில் அடி இல்லை.

ஓடைப் பாலத்தருகே ரயில் நின்றுவிட்டது.

"தொட்டி காலி! இனி ஓட்டுனா பாய்லர் போயிரும்!" சிரில் எஞ்சினிலிருந்து கத்தினான்.

ஹோஸ்கின்ஸ் இறங்கி ஓடினார். "நீ பிடிச்சிருப்பேன்னு நெனச்சேன்டா!"

"குழாய்கிட்ட நின்னது நீதானே பெருசு!"

"பூசணிக்குத் திருட்டுத்தனமா சர்க்கரைத் தண்ணி ஊத்தத் தெரியுது, எஞ்சினுக்கு ஊத்தத் தெரியலையா?"

ஹெஸ்டர் பெட்டியிலிருந்து குதித்தாள். "பூசணிக்காயை நாளைக்குப் பொளந்துக்குங்க மாமா! வாளி எங்க?"

எஞ்சினில் ஒரு வாளி. சந்தைக்காரியின் முட்டை வாளிகள் இரண்டு. முட்டைகள் இருக்கைக்குக் குடிபோயின. ஓடையிலிருந்து எஞ்சின் வரை பயணிகள் வரிசை கட்டினார்கள். பண்ணைக்காரரின் மனைவி மிசஸ் ஃபேன்ஷா மட்டும் அசையவில்லை.

"நான் பல்லு பிடுங்கப் போறவடீ!"

"வலி பல்லுலதானே அம்மணி, கையில இல்லையே?" வாளியைத் திணித்தாள் ஹெஸ்டர்.

தொட்டி நிரம்பி, ரயில் ஜங்ஷனுக்குள் நுழையும்போது பெரிய வண்டிக்குப் பச்சைக் கொடி ஏறிவிட்டது. கூலிக்காரன் மகளுக்காக அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நொடிகூடத் தாமதிப்பவரல்ல. ஹெஸ்டர் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டினாள்.

"மிசஸ் ஃபேன்ஷா வர்றாங்க! நிறுத்துங்க!"

கொடி இறங்கியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்தார். ஹெஸ்டர் அவரைத் தாண்டி ஓடி மூன்றாம் வகுப்பில் ஏறினாள்.

"அவசரமே இல்லைங்கம்மா, உங்களுக்காகத்தான் நிக்குது," என்று ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வகுப்புக் கதவைத் திறந்து, மிசஸ் ஃபேன்ஷாவை முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

"யோவ், விடுய்யா! பல் டாக்டர் இந்த ஊர்லதான்யா இருக்காரு!"

அதற்குள் அவர் பணிவோடு கதவைச் சாத்திவிட்டார். வண்டி நகர்ந்தது. இரண்டு பெட்டி தள்ளி, ஹெஸ்டர் ஓடையில் நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.